வெள்ளித் தண்ணீர்: மூன்று பேட்டரி, இரண்டு கம்பி, நிறையக் கேள்விகள்

கேரள எல்லைக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழே பேசும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி வட்டாரத்தில் கொஞ்ச காலமாக ஒரு வீடியோ கைமாறிக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர், இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று பேட்டரி. கொஞ்ச நேரத்தில் சகல நோய்க்கும் மருந்து தயார் என்கிறார் அதில் பேசுபவர். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. சாஸ்திர மேளாவுக்கு, அதாவது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, ஏதாவது செய்ய வேண்டும் என்று வரும் பிள்ளைகள் ஒரு பக்கம். மாமனாரின் கால் புண்ணுக்கு ஆகுமா, மாட்டின் மடிநோய்க்கு ஆகுமா என்று கேட்கும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், வைத்தியன் இல்லை. ஆனால் இதில் பாதிக் கேள்வி வேதியியல் கேள்விதான்.

கொலாய்டல் சில்வர், கூழ்ம வெள்ளி, வெள்ளித் தண்ணீர் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். பாடப்புத்தகக் கணக்கில் கூழ்மம் என்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது. துகளின் அளவு ஒரு நானோமீட்டரிலிருந்து ஆயிரம் நானோமீட்டர் வரை இருக்கலாம். வெள்ளி உலோகம் அப்படித் துகளாக மிதந்தால் அது கூழ்ம வெள்ளி.

வீட்டு டம்ளரில் பேட்டரி வைத்துச் செய்யும்போது கிடைப்பதில் பெரும்பங்கு அது இல்லை. தண்ணீரில் கரைந்த வெள்ளி அயனிதான் (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு) அதிகம், துகள் கொஞ்சம்தான். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயர் வேறு, உள்ளே இருப்பது வேறு.

செய்வதற்கு என்னென்ன வேண்டும்?

9 வோல்ட் சதுர பேட்டரி மூன்று. பொம்மைக் கடையிலும் ரேடியோ கடையிலும் கிடைப்பதுதான். ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் செருகி வரிசையாக இணைத்தால் 27 வோல்ட். சுத்த வெள்ளிக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன், ஒரு சாண் நீளம் இருந்தால் தாராளம். முதலைவாய் கிளிப் வைத்த ஒயர் ஒரு ஜோடி. 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று. பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்று பட்டை போட்டிருக்கும். கால் லிட்டர் பிடிக்கும் கண்ணாடி டம்ளர், ஒரு மல்டிமீட்டர், டிஸ்டில்டு வாட்டர், லேசர் டார்ச்.

வீடியோக்களில் மின்தடையையும் மல்டிமீட்டரையும் விட்டுவிடுகிறார்கள். அவை இரண்டும் இல்லாவிட்டால் டம்ளருக்குள் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வாங்கிவிட்டு இந்த இரண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய கொலுசு இருக்கிறது. அதையே தொங்கவிட்டால் ஆகாதா?

ஆகாது. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து. அதனால் கொலுசுக்கும் அரைஞாணுக்கும் செம்பு கலந்துதான் அடிப்பார்கள். கரன்ட் பாய்ந்தால் வெள்ளியோடு செம்பும் கரைந்து இறங்கும். பற்றவைத்த இடத்தில் துத்தநாகம், இன்னும் பழைய நகையென்றால் காட்மியம்கூட இருக்கலாம்.

தாத்தா பெட்டியில் கிடக்கும் வெள்ளி ரூபாயும் அப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1940க்குப் பிறகு அடித்ததில் பாதிதான் வெள்ளி. மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். அந்தக் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், டம்ளரில் போடாதீர்கள்.

கோயம்புத்தூர் ராஜவீதி, பெரியகடை வீதிப் பக்கம் போனால் 999 சுத்தமுள்ள வெள்ளி கிடைக்கும். தெரிந்த பத்தரிடம் கொடுத்தால் கம்பியாக இழுத்துத் தருவார். "எதுவும் கலக்காமல் இழுங்கள்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். கலப்பது அவருக்குக் கைப்பழக்கம்.

எந்தத் தண்ணீர்? எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, அது போதாதா?

போதாது. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு ஏராளம். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதில் குளோரைடு இருக்கிறது. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் விடாது. இரண்டும் சேர்ந்து வெள்ளி குளோரைடாகி, பால் சிந்தியது மாதிரி கலங்கிவிடும். அந்த வெள்ளைக் கலங்கல் வெயில் பட்டால் ஊதாவாகி, சாம்பலாகி, கடைசியில் கறுப்பாகும். ஆர்.ஓ. எடுத்தாலும் முழுக்கப் போகாது, கொஞ்சம் குளோரைடு தங்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் செம்புக் குழாயின் செம்பும் இருக்கும். முதல் மழைத் தண்ணீரில் ஓட்டின் அழுக்கு முழுவதும் இருக்கும்.

டிராக்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் ஊற்ற பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இந்தச் சோதனைக்கு ஆகும். அதைக் குடிநீர்த் தரத்தில் அடைப்பதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கேனில் முன்பு என்ன இருந்தது, எப்படிக் கழுவினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வேகமாக நடக்க ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்கிறார்களே?

போட்டால் கரன்ட் சரசரவென்று ஏறும், கம்பியும் வேகமாகக் கரையும், டம்ளரும் வெளுக்கும். ஏதோ நடக்கிறது என்ற திருப்தி வரும். கிடைப்பது வெள்ளி குளோரைடு சேறு. இந்த யோசனையைச் சொல்பவர் மற்ற எதைச் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

பேட்டரி எதற்கு? போன் சார்ஜரோ வீட்டு கரன்டோ போதாதா?

வீட்டு கரன்டை நேரடியாக இதில் கொடுக்கவே கூடாது. 230 வோல்ட், ஈரக்கை, திறந்த கம்பி: ஆளைக் கொல்ல வேறெதுவும் வேண்டாம். மேலும் அது ஏ.சி.; நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறிப் பாய்வதால் வேலையும் ஒழுங்காக நடக்காது. விலை மலிந்த அடாப்டர் சிலவற்றில் உள்ளே காப்பு சரியாக இருப்பதில்லை, ஆகவே பிள்ளைகள் கையில் அதுவும் வேண்டாம்.

போன் சார்ஜரின் 5 வோல்ட் போதாது என்றில்லை, ரொம்ப மெதுவாக நடக்கும். பைக்கின் 12 வோல்ட் பேட்டரி ஆகும். ஆனால் கிளிப் இரண்டும் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் பைக் பேட்டரி ஒயரையே உருக்கிவிடும். 9 வோல்ட் பேட்டரிக்கு அந்தச் சக்தி இல்லை. வறண்ட கையில் 27 வோல்ட் ஒன்றும் செய்யாது. இழுப்பதும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான் என்பதால் பேட்டரியும் வெகுநாள் வரும். மழைக்காலத்தில் கரன்ட் போனாலும் சோதனை நிற்காது.

சரி, செய்முறை?

டம்ளரையும் கம்பிகளையும் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரிலேயே அலசுங்கள். சோப்பும் குழாய்த் தண்ணீரும் மிச்சம் இருந்தால் அதிலேயே கலங்கல் வந்துவிடும். கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டம்ளர் வாயில் ஓர் அட்டையை வைத்து, அதில் இரண்டு ஓட்டை போட்டு, கம்பிகளை மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நேராக இறக்குங்கள். கிளிப் தண்ணீரைத் தொடக் கூடாது. கிளிப்பின் இரும்பும் நிக்கல் பூச்சும் கரைந்துவிடும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மின்தடை, அதிலிருந்து மல்டிமீட்டர், அதிலிருந்து ஒரு கம்பி. இன்னொரு கம்பி நேராக மைனஸுக்கு.

இணைத்தவுடன் மீட்டரில் அரை மில்லி ஆம்பியர்கூட வராது. சுத்தமான தண்ணீரில் கரன்ட் பாயப் பெரிதாக வழியில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று வோல்ட்டை ஏற்ற வேண்டாம். சும்மா பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பிளஸ் கம்பி மங்கும், அப்புறம் சாம்பலாகும், அப்புறம் கறுப்பு ஏறும். அது வெள்ளி ஆக்சைடு. மைனஸ் கம்பியில் கடுகைவிடச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அது ஹைட்ரஜன். பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், பிளஸ் கம்பியின் கீழ் நுனியிலிருந்து புகை இழை போல ஒன்று வளைந்து வளைந்து இறங்குவது தெரியும். இந்தச் சோதனையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

நேரமாக ஆகத் தண்ணீரில் அயனி சேரும். அயனி சேரச் சேரக் கரன்ட் ஏறும். கரன்ட் ஏற ஏற இன்னும் அயனி சேரும். விட்டால் ஓட்டம் பிடிக்கும். அந்த ஓட்டத்தில் கரகரவென்று பெரிய துகள்கள் உதிர்ந்து, மைனஸ் கம்பியில் பஞ்சு மாதிரி வெள்ளி வளர்ந்து, தண்ணீர் சாம்பல் நிறமாகும். அதைத் தடுக்கத்தான் மின்தடை. 27 வோல்ட்டை 10,000 ஓமால் வகுத்தால் 2.7 மில்லி ஆம்பியர். கம்பிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டாலும் அதைத் தாண்டாது.

இடையிடையே கரன்டை நிறுத்தி, கறுத்த கம்பியை டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிடலாம். எஃகு நார் போட்டுத் தேய்த்தால் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். பிளஸ் மைனஸை மாற்றி மாற்றி இணைத்தால் இரண்டு கம்பியும் சமமாகத் தேயும்.

எத்தனை பிபிஎம் வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிடிஎஸ் மீட்டர் காட்டுமா?

டிடிஎஸ் மீட்டர் வெள்ளியை அளப்பதில்லை. தண்ணீர் கரன்டை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, உப்புக் கணக்கில் ஓர் எண்ணைச் சொல்லும். துகளாக மிதக்கும் வெள்ளி அதன் கண்ணில் படாது. அந்த எண்ணை பாட்டிலில் ஒட்டி "20 பிபிஎம்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நம்பத்தக்க கணக்கு ஃபாரடே விதி. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும். ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3.6 கூலும் மின்னூட்டம். ஒரு மோல் வெள்ளி, அதாவது 107.87 கிராம், அயனியாக இறங்க 96,485 கூலும் வேண்டும். 3.6ஐ 96,485ஆல் வகுத்து 107.87ஆல் பெருக்குங்கள்: 0.004 கிராம், அதாவது 4 மில்லிகிராம். அது கால் லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 16 மில்லிகிராம், அதுதான் 16 பிபிஎம்.

இது உச்ச வரம்பு. உண்மையில் இதைவிடக் குறையும். கொஞ்சம் மைனஸ் கம்பியில் போய் ஒட்டும், கொஞ்சம் கறுப்பாகப் பிளஸ் கம்பியிலேயே தங்கும், கொஞ்சம் அடியில் படியும். வெள்ளி ஆக்சைடு தண்ணீரில் கரைவதே லிட்டருக்கு ஒன்றிரண்டு பத்து மில்லிகிராம்தான். அதற்கு மேல் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கரைசல் ஏறாது, சேறுதான் ஏறும். "500 பிபிஎம் வீட்டில் செய்தேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. பத்தர் கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். கம்பிகளைச் செய்வதற்கு முன்னும், துடைத்துக் காயவைத்த பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடையும் ஃபாரடே சொன்ன எடையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டால், மேளாவில் நடுவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தயார்.

என் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டில் மஞ்சளாக வந்தது. எது சரி?

இரண்டும் வேறு வேறு பொருள். நிறமே இல்லாவிட்டால் பெரும்பாலும் அயனி. மஞ்சள் என்றால் வெள்ளி உலோக நானோ துகள் உண்டாகியிருக்கிறது. அந்த அளவுத் துகள் 400 நானோமீட்டரைச் சுற்றியுள்ள ஊதா, நீல ஒளியை விழுங்கிக்கொள்ளும். மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சாம்பல் அல்லது பழுப்புக் கலங்கல் என்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டன, இல்லையென்றால் ஆக்சைடு. மஞ்சளை வேண்டுமென்றே வரவழைக்கச் சிலர் துளி குளுக்கோஸ் சேர்த்துச் சூடாக்குவார்கள். குளுக்கோஸ் அயனியை உலோகமாக மாற்றும்.

இருட்டில் லேசரை டம்ளருக்குள் விடுங்கள். துகள் இருந்தால் ஒளிக்கற்றை கோடாகத் தெரியும், டிண்டால் விளைவு என்று படித்திருப்பீர்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டர் டம்ளர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதிலும் அடித்துப் பார்த்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். அப்புறம் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். உடனே வெள்ளையாகக் கலங்கினால் அயனி இருக்கிறது. பிள்ளைகளே, லேசரை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

இதைக் குடிக்கலாமா?

வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

தேர்தலில் ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மை ஞாபகம் இருக்கிறதா? மைசூரில் உள்ள அரசு ஆலையில் 1962 முதல் செய்யும் அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் வெள்ளி கறுத்துத் தோலோடு பிணைந்துவிடும். சோப்புக்குப் போகாது. தோலின் மேல் அடுக்கு தானாக உதிர்ந்து, நகம் வளர்ந்தால்தான் போகும். குடிக்கும் வெள்ளியும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் உள்ளிருந்து. குடலில் உறிஞ்சப்பட்ட வெள்ளியில் ஒரு பங்கு தோலின் அடி அடுக்கில், வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றிப் போய்த் தங்குகிறது. வெயில் படும் முகமும் கையும் கழுத்தும் முதலில் சாம்பல் நீலமாகும். அடி அடுக்கு மேல் தோலைப் போல உதிராது. ஆகவே நிறமும் போகாது. இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். மாத்திரை கிடையாது, லேசர் சிகிச்சை சிலருக்குக் கொஞ்சம் பலன் தந்திருக்கிறது.

கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் மான்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பி ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் செய்து குடித்தார். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2002இல் செனட் தேர்தலுக்கு நின்றபோது அவர் முகம் நீலச்சாம்பலாக இருந்தது. பால் கராசன் என்பவர் குடித்ததோடு முகத்திலும் பூசினார். தொலைக்காட்சியில் "நீல மனிதர்" என்று காட்டப்பட்ட அவர் 2013இல் இறக்கும்வரை அந்த நிறம் மாறவில்லை.

அளவுக்கு வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வாழ்நாள் முழுக்க உடல் தாங்கும் என்று வைத்திருக்கும் அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். நாம் மேலே கணக்குப் போட்ட 16 பிபிஎம் தண்ணீரில் 19 மில்லிலிட்டரிலேயே அது வந்துவிடும். வீடியோவில் சொல்லும் "தினம் இரண்டு மூடி", மூடி கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதைத் தாண்டிவிடும். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளிக்குத்தான் இடம் கொடுக்கிறது. டம்ளரில் இருப்பது அதைப் போல 160 மடங்கு.

நிறம் மட்டும் இல்லை. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடலில் சரியாக ஏறாமல் வெள்ளி தடுக்கும். நம் பக்கம் தைராய்டு மாத்திரை போடாத வீடு குறைவு.

ஆனால் வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதானே?

உண்மை. வெள்ளி அயனி பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்கும். ஆய்வகத் தட்டில் அருமையாக வேலை செய்யும். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது ஏராளமான குளோரைடு. ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் டம்ளர் வெளுத்ததைப் பார்த்தீர்களே, அதே வேலை வயிற்றிலும் நடக்கும். அதைத் தாண்டிப் போவதையும் ரத்தத்தில் உள்ள புரதம் பிடித்துக்கொள்ளும். தட்டில் கொன்றது காய்ச்சலையும் கொல்லும் என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 1999இலேயே, கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று விதி போட்டது. 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரணிச் சட்டப்படி சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம்.

ஆஸ்பத்திரியிலேயே வெள்ளி மருந்து போடுகிறார்களே?

போடுகிறார்கள், தோலுக்கு மேலே. தீக்காயத்துக்குத் தடவும் வெள்ளைக் களிம்பு ஒரு சதவீத சில்வர் சல்ஃபாடயசின். 1960களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1880களில் ஜெர்மன் மருத்துவர் கார்ல் கிரெடே பிறந்த குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் வரும் குருட்டை வெகுவாகக் குறைத்தார். எவ்வளவு வெள்ளி, எங்கே, எத்தனை நாள் என்று அளந்து செய்த வேலை அது. டம்ளரில் செய்ததற்கு அந்த அளவு எதுவும் இல்லை.

மாமனாருக்குச் சர்க்கரைப் புண். வெளியே ஊற்றினாலும் ஆகாதா?

ஊற்றினால் உடனே கெடுதல் ஆகும் என்று சொல்ல மாட்டேன். கெடுப்பது அதை ஊற்றிக்கொண்டு காத்திருக்கும் நாட்கள். சர்க்கரைக்காரர் காலில் உணர்ச்சி குறைவு. வலிக்கவில்லை என்றால் ஆறுகிறது என்று அர்த்தம் இல்லை. ஓரம் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ அன்றைக்கே நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ கோயம்புத்தூருக்கோ கூட்டிப் போங்கள்.

வெள்ளிச் சங்கில் குழந்தைக்குப் பால் கொடுத்தோம், வெள்ளி டம்ளரில் குடித்தோம். எங்களுக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகாது. உலோக வெள்ளி லேசில் கரையாது. தண்ணீரில் இறங்குவது மிக மிகச் சொற்பம். பேட்டரி வைத்து வலுக்கட்டாயமாகக் கரைப்பது வேறு கதை. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளும் உலோகமாகவே வயிற்றைக் கடந்து போய்விடும். சித்த மருத்துவத்தில் வெள்ளிப் பற்பமும், மலையாள வைத்தியர்கள் கொடுக்கும் ரஜத பஸ்மமும் முறைப்படி புடமிட்டு, வைத்தியர் அளந்து கொடுப்பவை. அதைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். அவற்றின் பெயரைச் சொல்லி டம்ளர் தண்ணீரை விற்பதை அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கிணற்றிலோ டேங்கிலோ ஊற்றித் தண்ணீரைச் சுத்தம் செய்யலாமா?

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர்தான். மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து போட்டுவிட்டுப் போவதும் அதைத்தான். வெள்ளி மெதுவாக வேலை செய்யும், வைரஸுக்கு நம்ப முடியாது, உப்புத் தண்ணீரில் பாதி வீணாகும். நம் கிழக்குப் பக்கத்து போர் தண்ணீரின் பெரிய தலைவலி கிருமியே இல்லை, ஃப்ளோரைடு. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றுவது அதுதான். வெள்ளி அதை அசைக்கக்கூட அசைக்காது. காய்ச்சினாலும் போகாது.

முறையாகச் செய்தால் வெள்ளிக்குத் தண்ணீரில் வேலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் உமிச் சாம்பலில் நானோ வெள்ளி ஏற்றியிருந்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப், நம் கேரளத்துக்காரர், குடிநீர்த் தர வரம்புக்குள்ளேயே வெள்ளி அயனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொருளைத் தன் குழுவோடு உருவாக்கினார். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் குடிநீர் கெடாமல் இருக்கவும் வெள்ளி அயனிதான். இவை எல்லாவற்றிலும் வெள்ளியின் அளவு நம் டம்ளரில் இருப்பதில் ஒரு சின்னப் பங்கு.

மாட்டுக்கு மடிநோய். மடியில் ஏற்றலாமா?

கூடாது. கறக்கும் பால் சொசைட்டிக்குப் போகிறது. கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கள்ளில் ஒரு மூடி விட்டால் புளிக்காமல் இருக்குமா?

சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். இருக்காது. கள்ளில் உள்ள குளோரைடும் புரதமும் வெள்ளியை நொடியில் பிடித்துக்கொள்ளும், ஈஸ்ட் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதோடு, கள்ளில் எதைக் கலந்தாலும் எக்சைஸ்காரர்கள் வேதியியல் கேட்க மாட்டார்கள், கேஸ் போடுவார்கள்.

ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் மெஷின் விற்கிறார்களே, அது தேவையா?

திறந்து பார்த்தால் உள்ளே ஓர் அடாப்டர், கரன்டைக் கட்டுப்படுத்தும் சில்லறைச் சாமான், இரண்டு கம்பி. சோதனைக்கு மூன்று பேட்டரியே போதும்.

கையில் பட்டுக் கறுத்துவிட்டது. போகுமா?

சில நாளில் தானே போகும். தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். அடுத்த தடவை கையுறை போடுங்கள்.

செய்து முடித்த தண்ணீரை என்ன செய்வது?

மேளா வரை வைத்திருக்க வேண்டுமானால் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். "குடிக்கக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டும் படிக்கத் தெரியாது.

வாய்க்காலிலும் குளத்திலும் ஊற்றாதீர்கள். மனிதனைவிட மீனுக்கும் பாசிக்கும் வெள்ளி பெரிய விஷம். செப்டிக் டேங்கில் ஊற்றினால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவுக்குக் கேடு. பழைய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஒரு ஸ்பூன் கல்லுப்புப் போட்டுக் கலக்கி, வெயிலில் ஓரிரு நாள் வையுங்கள். வெள்ளியில் பெரும்பங்கு சேறாக அடியில் இறங்கும். மேல் தெளிவை அசையாமல் இறுத்துவிட்டு, சேற்றை வடிதாளில் பிடித்துக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் பள்ளி ஆய்வகத்தில் கொடுத்துவிடலாம்.

மிஞ்சிய கம்பி?

இரண்டும் சேர்ந்து மூன்றரை கிராம் போல இருக்கும். துடைத்து எடுத்துவைத்தால் அடுத்த வருஷ மேளாவுக்கும் ஆகும். வேண்டாம் என்றால் அதே பத்தரிடம் கொண்டுபோனால் ஒரு மெட்டி அடித்துத் தருவார். இந்தத் தடவை செம்பு கலக்கட்டும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் வளைந்துவிடும்.